சங்கம் வைக்க முடியாதவன் என்ன செய்வான்?

மட்டக்களப்பில், ஏறாவூர்ப்பற்றுப் பக்கம் ஒரு இராணுவ முகாம். வாசலுக்கு நேரெதிரே, வீதியின் மறுகரையில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பலசரக்குக் கடை. கடைக்காரர் எழுபதைத் தொட்டவர், தமிழர். மேசை லாச்சிக்குள் இரண்டு கடன் கொப்பிகள் வைத்திருக்கிறார். ஒன்று ஊராருக்கு, மற்றது ஆமிக்காரருக்கு. ஆமிக் கொப்பியில் சொந்தப் பெயர்கள் கிடையாது. சிங்களப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று அவரே பெயர் வைத்துவிட்டார்: ‘கண்ணாடி மல்லி’, ‘பொலநறுவை’, ‘ஒல்லிச் சாஜன்’, ‘பாட்டுக்காரன்’. பெயருக்குக் கீழே ரீலோட், சவர்க்காரம், ரேசர், நூடில்ஸ், பனடோல், மறுபடி ரீலோட். சம்பளம் விழுந்த மறுநாள் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு விழும்.

கோடு விழாத பக்கம் ஒன்றை எனக்குக் காட்டினார். ‘பாட்டுக்காரன்’, 4,360 ரூபா. கணக்கு 2023 பங்குனியோடு நிற்கிறது.

“ஓடிட்டான் மனே. லீவுல போனவன் கிறுகி வரல்ல. மறுகா மற்றவனுகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்ல பொடியன், இஞ்ச வந்து குந்தினா பாட்டுத்தான்.”

கோபம் இல்லை, சொல்லிவிட்டுக் கொப்பியை மூடிவிட்டார். எனக்குத்தான் அந்தப் பக்கம் மனதில் நின்றது. வேலையில் சம்பளம் போதாதவன் கூட்டிக் கேட்கச் சொல்லுவான், சங்கத்திடம் போவான், தொழில் திணைக்களத்தில் மனுக் கொடுப்பான், ஒரு நாள் வேலை செய்யாமல் இருப்பான். ஒன்றும் சரிவராவிட்டால் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போவான். சிப்பாய்க்கு இதில் ஒன்றும் இல்லை. அவனுக்கு மிஞ்சுவது லீவில் போய்த் திரும்பாமல் இருப்பது மட்டும். நம் பத்திரிகைகள் இதைக் குற்றச் செய்திகளின் பக்கத்தில் போடுகின்றன. தொழிற்சங்கச் செய்திகளின் பக்கத்தில் போட்டாலும் பொருந்தும் என்பது என் வாதம்.

ஆமிக்காரனின் சம்பளத்தைப் பற்றி மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஒரு தமிழன் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். சோதனைச் சாவடியில் இறங்கி நடந்த கால்கள் நம்முடையவை. காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருக்கும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு வேறு, அதை இந்தக் கணக்கால் கழிக்க முடியாது. ஆனால் புனானையில் 23ஆம் படைப்பிரிவின் தலைமையகம், அம்பாறை மல்வத்தையில் 24ஆம் படைப்பிரிவின் தலைமையகம், அம்பாறையிலேயே போர்ப் பயிற்சிப் பாடசாலை என்று படையோடு படையாக வாழும் மாவட்டங்கள் இவை. அந்த முகாம்கள் எப்படி ஓடுகின்றன, எதனால் இவ்வளவு பெரிதாகின, எப்போது சிறிதாகும் என்பதெல்லாம் நம் காணி, நம் வீதி, நம் பிள்ளைகளின் பாடசாலை பற்றிய கேள்விகள். அதற்கு விடை தேடினால் சம்பளப் பட்டியலில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உரிமை தருகிறது. அடுத்த உறுப்புரையிலேயே, 15(8)இல், ஆயுதப் படையினருக்கும் பொலிசாருக்கும் அந்த உரிமையைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. காரணம்: கடமையைச் சரிவரச் செய்வதும் ஒழுக்கத்தைக் காப்பதும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் படையினர், பொலிசார், சிறைச்சாலை உத்தியோகத்தர் ஆகியோரை வெளியே விட்டுவிட்டது. 1935இல் இலங்கைக்குச் சொந்த நிரந்தர இராணுவமே கிடையாது, வெள்ளைக்காரனின் கீழ் இருந்த படைதான். 1949இல் இராணுவச் சட்டம் வந்து, அந்த ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி இலங்கை இராணுவம் தொடங்கியபோது இந்தப் பூட்டு ஏற்கெனவே தயாராக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் பூட்டை நாம் இன்னும் கழற்றவில்லை.

சர்வதேச சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. சங்கம் சேரும் சுதந்திரம் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 87ஆம் இலக்கச் சமவாயம் 1948இல் வந்தது, இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது. அதன் 9ஆம் உறுப்புரை படையினருக்கும் பொலிசாருக்கும் இந்த உரிமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. உலகம் முழுவதும் தொழிலாளருக்குப் பொதுவாக எழுதப்பட்ட ஒரு சமவாயம், சீருடைக்காரன் வந்ததும் கதவை அரைவாசி சாத்திவிட்டு நின்றுவிட்டது.

இதனால் அன்றாடத்தில் நடப்பது என்ன? கடையிலோ கந்தோரிலோ வேலை செய்பவருக்குச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். மேலதிகமாக வேலை செய்தால் மேலதிகக் கொடுப்பனவு. சிப்பாய்க்கு மணி என்று ஒன்று இல்லை. அவன் 24 மணி நேரமும் கடமையில் இருப்பவன் என்பது சட்டத்தின் எண்ணம். முறைப்பாடு இருந்தால் தன் கட்டளை அதிகாரிக்கு மேலாகப் படிப்படியாகக் கொண்டு போகலாம்.  தனியாகப் போய்ச் சொல்லலாம், பத்துப் பேராகச் சேர்ந்து சொன்னால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது, கலகம்.

அந்தச் சொல்லின் பாரம் இலங்கைச் சிப்பாய்க்கு நன்றாகத் தெரியும். 1942 மே மாதம் இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவில் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் ஆங்கிலேய அதிகாரிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். அடக்கப்பட்டார்கள். கிரேஷியன் பெர்னாண்டோவையும் இன்னும் இரண்டு பேரையும் அந்த ஆகஸ்ட்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டுமே. அங்கே அரசியலும் கலந்திருந்தது, வெறும் சோற்றுச் சண்டை என்று சொல்லிவிட முடியாது. நான்கு வருடம் கழித்து, 1946 பெப்ரவரி 18ஆம் திகதி பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைப் பயிற்சி நிலையத்தில் தொடங்கியது சோற்றுச் சண்டையேதான். மோசமான சாப்பாடு, வெள்ளைக்கார மாலுமியோடு ஒப்பிடக் கேவலமான சம்பளம், அதிகாரியின் வசைச்சொல். சில நாளிலேயே கப்பல் கப்பலாகப் பரவியது.

சிப்பாய்க்குச் சங்கம் கொடுத்தால் நாடு கவிழ்ந்துவிடும் என்ற பயம் எல்லா இடத்திலும் இல்லை. ஒல்லாந்தில் 1966இலேயே கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். சம்பளம் மட்டுமல்ல, தலைமுடி எவ்வளவு வளர்க்கலாம் என்பதுவரை பேரம் பேசினார்கள். ஜேர்மனியில் 1956 முதல் படையினர் சங்கம் இருக்கிறது. தென்னாபிரிக்காவில் 1999இல் அரசியலமைப்பு நீதிமன்றம், படையினர் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்ற முழுத் தடை செல்லாது என்று தீர்த்தது. வேலைநிறுத்த உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. அதன் பிறகும் எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். 2009 ஆகஸ்ட்டில் பிரிட்டோரியாவில் சம்பள உயர்வு கேட்டுப் படையினர் ஊர்வலம் போனபோது பொலிஸ் இறப்பர் குண்டால் சுட்டது. ஆனாலும் அங்கே சிப்பாயின் சம்பளம் பேசக்கூடிய ஒரு விஷயமாகிவிட்டது. இங்கே அது இன்னும் இரகசியம்.

கோடிகளும் ஆயிரங்களும்

“பாதுகாப்புக்கு எவ்வளவு கோடி கொட்டுகிறார்கள், இவர்களுக்கா சம்பளம் போதாது?” என்று எங்கள் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. கொட்டுகிறார்கள் என்பது உண்மை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது 442 பில்லியன் ரூபா. அதில் மிகப் பெரும் பங்கு மீண்டெழும் செலவு, அதாவது சம்பளம், சாப்பாடு, சீருடை, எரிபொருள். மிகப் பெரிய ஒரு தொகையை மிகப் பல பேருக்குப் பிரித்தால் ஒவ்வொருவர் கையிலும் விழுவது சொற்பம். இலங்கை இராணுவத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆள் தொகை மட்டும் 200,783 என்று 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சே சொன்னது. பிரித்தானியாவின் தரை, கடல், வான் படைகளின் நிரந்தர ஆட்கள் எல்லோரும் சேர்ந்தாலும் ஒன்றரை இலட்சம் வராது.

2025க்கு முன் அரச சேவையின் ஆகக் குறைந்த மாத அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபா. பொலிஸ் கொஸ்தாப்பல், சிப்பாய் போன்றோரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாவைச் சுற்றியே நின்றது. அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுப் படியும் வேறு சில கொடுப்பனவுகளும் உண்டு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா. மே மாதத்தில் 360. அடிப்படைச் சம்பளத்தை டொலரில் பார்த்தால் 150 ஆக இருந்தது மூன்று நான்கு மாதத்தில் 83 ஆகிவிட்டது. ஒரு சதமும் வெட்டாமலே கிட்டத்தட்டப் பாதி போயிற்று. டொலரில் வாழ்கிறோமா என்று கேட்கலாம், மா, பருப்பு, பால்மா, மண்ணெண்ணெய் எல்லாம் டொலரில்தான் வந்தன. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

முகாமுக்குள் சோறு கிடைக்கும், உண்மைதான். வீட்டில் இருப்பவர்களுக்கு முகாமின் சோறு போகாது. கடைக்காரரின் ஆமிக் கொப்பி தடித்தது அந்த வருடத்தில். அதற்கு முன் சிகரெட்டும் ரீலோடும்தான் கடனில் போகும். 2022இல் பால்மாப் பைக்கட் கடனில் போகத் தொடங்கியது. லீவில் போகும்போது வீட்டுக்குக் கொண்டுபோக.

2025 வரவு செலவுத் திட்டம் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 40,000 ஆக்கியது. ஒரே அடியில் அல்ல. 2025 ஏப்ரலில் ஒரு பங்கு, 2026 ஜனவரியில் ஒன்று, 2027 ஜனவரியில் மிச்சம். ஆசிரியர், தாதியர், கிராம உத்தியோகத்தர் என்று எல்லோரும் இதைப் பற்றிக் கத்தினார்கள், கணக்குப் பார்த்தார்கள், படி குறைந்தது என்று வீதிக்கு வந்தார்கள். அதே சுற்றறிக்கை முகாமுக்குள்ளும் போனது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. சத்தம் கேட்காததால் திருப்தி என்று எடுத்துக்கொள்வது அரசாங்கங்களின் பழைய சோம்பல்.

சம்பளத்தைத் தாண்டி வீடு கட்டச் சிப்பாய்க்கு இருக்கும் ஒரே சட்டபூர்வ வழி ஐ.நா. அமைதிப் படை. ஹெயிட்டி, லெபனான், மாலி என்று இலங்கைப் படையினர் போயிருக்கிறார்கள். ஒரு வீரருக்கு மாதம் 1,400 டொலருக்கு மேல் என்ற கணக்கில் ஐ.நா. பணம் அனுப்புகிறது. அனுப்புவது அரசாங்கத்துக்கு, சிப்பாயின் வங்கிக் கணக்குக்கு அல்ல. அப்படியிருந்தும் அந்தப் பட்டியலில் பெயர் வர ஏங்காத சிப்பாய் இல்லை. யார் போவது என்பதை மேலே தீர்மானிப்பார்கள். அதற்கெதிராகப் பேசவும் கூட்டமாகப் போக முடியாது.

இவ்வளவு பேர் இருந்தும் ஆள் போதாதா

தாளில் இரண்டு இலட்சம் பேர். அப்படியென்றால் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சே வரக்கூடாது. ஆனால் ஒரு காவல் நிலையத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆமிக்காரர் ‘சென்றி’ என்பார்கள். ஒரு சென்றியில் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். 45 மணி நேரச் சட்டம் இவர்களுக்கும் இருந்தால் அந்த ஒரு இடத்துக்கு நான்கு பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து. இருவர் சேர்ந்து நிற்கும் சென்றி என்றால் பத்து. முகாமுக்கு முன்வாசல், பின்வாசல், வயல் பக்கம் என்று மூன்று சென்றி. முப்பது பேர் கொண்ட ஒரு பிளட்டூன் வெறுமனே வாசல் காப்பதிலேயே முடிந்துவிடும்.

அப்படி ஆள் போடுவது கிடையாது. வழக்கமான முறை இரண்டு மணி நேரம் நிற்பது, நான்கு மணி நேரம் ஓய்வு. மூன்று பேர் சுழல வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஏழு நாளும் நின்றால் 56. அதுவும் துண்டு துண்டாக. நான்கு மணி நேர ஓய்வில் யாராலும் நான்கு மணி நேரம் தூங்க முடியாது. பகலில் புல் வெட்டு, சமையலறை, அதிகாரி வந்தால் சுண்ணாம்பு பூசு. இந்த மூன்று பேரில் ஒருவன் லீவில் போய்த் திரும்பவில்லை என்று வையுங்கள். மிச்ச இருவரும் ஆளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 84. சென்றியைக் குறைக்க அந்த இருவருக்கும் அதிகாரம் இல்லை. ‘பாட்டுக்காரன்’ போனபிறகு அவன் பங்கு இரவை யார் நின்றார்கள் என்பது எந்தச் செய்தியிலும் வராது. அப்படி நிற்பவர்களிலிருந்துதான் அடுத்தவன் ஓடுவான்.

தனிச் சென்றியில் நிற்பது என்றால் என்னவென்று மட்டக்களப்பு பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலை வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரவுக் கடமையில் இருந்த இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் நம் பக்கத்துத் தமிழர். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்துப் பல மாதம் உள்ளே வைத்தார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகுதான் செய்தது வேறு ஆட்கள் என்று தெரிந்தது. பிழையான ஆளைப் பிடித்ததைப் பற்றிப் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஆற்றங்கரையோர வீதியில் நடு இரவில் இரண்டே இரண்டு பேரைத் தனியாக விடுவது சரியா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் பொலிசார். அவர்களுக்கும் சங்கம் கிடையாது. பொலிஸ் சேவையில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிடம் இருப்பதாக 2025இல் அரசாங்கத் தரப்பிலிருந்தே சொன்னார்கள். தமிழ் பேசும் கொஸ்தாப்பல் இல்லாமல் முறைப்பாடு எழுத முடியாமல் நிற்கும் நம் ஆட்களுக்கு அந்த வெற்றிடத்தின் அர்த்தம் தெரியும்.

யார் சேர்கிறார்கள்

அம்பாறை மாவட்டத்தின் மேற்கே போனால் உகணை, தமண, மகாஓயா, பதியத்தலாவை. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு குடியேறிய குடும்பங்கள் பல. அந்தக் குடியேற்றம் கரையோரத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் என்ன செய்தது என்பது தனியே ஒரு புத்தகம். இங்கே எனக்கு வேண்டியது ஒரு சின்ன விஷயம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை விரும்பியபடி துண்டு போட முடியாது. பின்னுரித்து, அதாவது அடுத்து வரும் உரிமை, பெரும்பாலும் ஒருவருக்கே. ஐந்து பிள்ளை இருந்தால் ஒரு பிள்ளைக்கு வயல், மிச்ச நான்கு பேருக்கு? இரண்டாம் தலைமுறை எப்படியோ சமாளித்தது. மூன்றாம் தலைமுறை வளர்ந்தபோது போர் நடந்துகொண்டிருந்தது. ஆமியில் ஆள் எடுத்துக்கொண்டேயிருந்தார்கள். வயல் கிடைக்காத மகன்களுக்கு முகாம் ஒரு வயலாயிற்று.

அதே காலத்தில் மட்டக்களப்பின் படுவான்கரையில், கல்முனையில், அக்கரைப்பற்றில் வயல் இல்லாத பிள்ளைகள் கட்டார், சவூதி, குவைத் என்று போனார்கள். தமிழ் இளைஞன் ஆமியில் சேராததற்குக் காரணம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கையரான தளபதி, 1955இல் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். அதை இன்று எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறீர்கள் என்பார்கள். ஆக, ஒரே வறுமை இரண்டு வாசலால் வெளியே போயிற்று. கட்டாருக்குப் போனவன் சம்பளம் பிடித்தமில்லை என்றால் கம்பெனி மாறப் பார்க்கலாம், ஊருக்கு வரலாம், அதுவும் சுகமாக இல்லை என்பது வேறு. ஆமிக்குப் போனவன் ஒப்பந்த வருடங்களை முடிக்க வேண்டும். 22 வருடம் முடித்தால்தான் முழு ஓய்வூதியம். இடையில் விட்டால் அது கிடையாது.

காயப்பட்டு இடையில் வெளியேறியவர்களின் நிலை இன்னும் மோசம். 2017இல் கொழும்புக் கோட்டையில் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் முன்னாள் சிப்பாய்கள் வீதியில் இருந்தார்கள். 12 வருடச் சேவை முடியும் முன்பே காயப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், ஓய்வூதியம் கேட்டார்கள். ‘ரணவிரு’, போர் வீரர், என்று மேடையில் முழங்கிய நாடு அவர்களுக்கு முன்னால் பொலிசை நிறுத்தியது. சீருடை கழற்றிய பிறகுதான் அவர்களால் கூட்டமாக நின்று கேட்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியாது. வாகரையிலும் படுவான்கரையிலும் கை கால் இழந்த முன்னாள் போராளிகள் இருக்கிறார்கள். சிலர் விரும்பிப் போனவர்கள், சிலர் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். இந்தியப் படை இருந்த காலத்தில் ஒரு தரப்பு பிள்ளை பிடித்தது, பிறகு இன்னொரு தரப்பு பிடித்தது. சம்பளம் என்ற சொல்லே அங்கே கிடையாது. ஓய்வூதியத்துக்கு 12 வருடமா 22 வருடமா என்ற கேள்வியும் இல்லை. சங்கம் வைக்க முடியாத சிப்பாய்க்குப் பக்கத்தில் இவர்களையும் வைத்துப் பார்க்கும்போது, சிப்பாயின் குறை எனக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. மறைக்க ஒன்றுமில்லை.

ஓடியவர்கள்

2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அரசாங்கம் ஒரு பொது மன்னிப்புக் காலம் அறிவித்தது. விடுமுறை இல்லாமல் வராமல் நிற்பவர்கள் வந்து முறைப்படி விலகிக்கொள்ளலாம், தண்டனை இல்லை. முப்படையிலிருந்தும் 15,000க்கு மேற்பட்டவர்கள் அப்படி விலகினார்கள். இத்தனை ஆயிரம் பேர் ஒரே காரணத்துக்காக வேலைக்குப் போகாமல் இருந்தால் வேறெந்தத் துறையிலும் அதை வேலைநிறுத்தம் என்பார்கள். இங்கே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், தனித்தனியாக, வீட்டுக் கோடியில் ஒளிந்திருந்து செய்தார்கள். 2025 பெப்ரவரியில் மிச்சப் பேரைக் கைது செய்யும்படி பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. குற்றக் கும்பல்களுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது, வெளிச்சத்தில் வேலை தேட முடியாதவனுக்குக் காசு தேவைப்படுகிறது. இரண்டும் சந்தித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

இன்னும் சிலர் கடல் கடந்தார்கள். 2024 மே மாதம் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் சொன்ன கணக்கின்படி, ரஷ்ய உக்ரேன் போருக்குப் போன இலங்கையின் ஓய்வுபெற்ற படையினர் 288 பேர், அதில் 16 பேர் இறந்திருந்தார்கள். டொலரில் சம்பளம், குடியுரிமை, பின்னணி வேலைதான் என்று முகவர்கள் சொன்னார்கள். இறங்கிய பிறகுதான் முன்னரங்கம் என்று தெரிந்தது. கட்டார் முகவரிடம் ஏமாந்த ஊர்க்காரரின் கதையை ஏற்கெனவே கேட்டிருக்கும் காதுக்கு இது புதிதல்ல. சாரதி வேலை என்று சொல்லிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்ட கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. இவர்களை விட்டது பதுங்குகுழியில்.

கவனிக்க வேண்டிய இன்னொரு கோணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் விசேட கொடுப்பனவு 35,000இலிருந்து 70,000 ரூபாவாக உயர்ந்தது. தாதியரும் மற்ற சுகாதார ஊழியரும் எங்களுக்கும் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். வைத்தியசாலைகளுக்கு ஆமி வந்தது. நோயாளியைத் தள்ளுவண்டியில் தள்ளியது, சாப்பாடு பரிமாறியது. தன் சம்பளத்துக்காக ஒரு வார்த்தை கூட்டாகச் சொல்ல முடியாத ஒருவனைக் கொண்டு, சொல்ல முடிந்தவனின் வேலைநிறுத்தத்தை உடைக்கிறார்கள். வைத்தியசாலையில் மட்டுமல்ல, 2022இல் உரமில்லாமல் விவசாயம் விழுந்தபோது தரிசு நிலத்தில் பயிர் செய்யவும் படையினரை இறக்கினார்கள். சிப்பாயின் உழைப்பு அரசாங்கத்தின் கணக்கில் இலவசம். ஏற்கெனவே சம்பளம் கொடுத்தாயிற்று அல்லவா.

அம்பாறையில் இதே கதையின் வேறொரு கிளை சிவில் பாதுகாப்புத் திணைக்களம். 1985ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை தொடங்கியது. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு முஸ்லிம் ஊர்களிலும் பலர் துப்பாக்கி எடுத்தார்கள். 2006 செப்டெம்பரில் அது ஒரு திணைக்களமாயிற்று, ஆள் தொகை 40,000ஐ அண்மித்தது. போர் முடிந்து எல்லை என்று ஒன்று இல்லாமல் போனபின் இவர்களுக்கு வேலை தேட வேண்டியிருந்தது. இப்போது பலர் யானை வேலி காக்கிறார்கள், தொல்லியல் இடங்களில் நிற்கிறார்கள், கந்தோர் வாசலில் இருக்கிறார்கள். வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கம் யானை வராத இரவு குறைவு. வெடில் போடவும் மின்வேலி பார்க்கவும் ஆள் நிச்சயமாக வேண்டும். அந்த வேலையைப் படைச் சீருடையும் படைக் கட்டுப்பாடும் போட்டுத்தான் செய்ய வேண்டுமா என்பதுதான் எனக்குப் பிடிபடாதது. வேலிகாப்பவர் என்று ஒரு சாதாரண அரச பதவி கொடுத்தால் அவருக்கு ஒரு சங்கமும் சேர்ந்து வரும். ஒருவேளை அதனால்தான் கொடுக்கவில்லையோ என்னவோ.

இராணுவத்தை 2030க்குள் 100,000 பேராகக் குறைப்பது என்று 2023இல் சொன்னார்கள். ஆட்சி மாறியும் 2025இல் அதே எண்ணைச் சொன்னார்கள். கடற்படை 40,000, விமானப்படை 18,000. ஆள் குறைந்தால் மிஞ்சுபவரின் சம்பளம் கூடுமா? கூடும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆள் பாதியாகி முகாமும் சென்றியும் அப்படியே இருந்தால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்த மூன்று பேர் கணக்கே சொல்லும். இங்கேதான் சிப்பாயின் தூக்கமும் நம் காணியும் ஒரே கோட்டுக்கு வருகின்றன. மட்டக்களப்பின் முறக்கொட்டாஞ்சேனையில் முகாமுக்குள் போன பாடசாலைக் காணியையும் வீட்டுக் காணியையும் விடச் சொல்லி மக்கள் வருடக்கணக்காகக் கேட்டு வந்தார்கள். ஆளைக் குறைக்க உண்மையில் மனமிருந்தால் முகாமையும் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

கடைக்காரரிடம் போன மாதம் இதைச் சொன்னேன். அவருடைய கடைக்கு எதிரே இருப்பதும் ஊர்க் காணிதான். சிரித்தார்.

“காணிய விடச் சொல்லி முதல்ல கையெழுத்து வச்சது நான், மனே. அதுக்குள்ள என்ட கொக்காட வளவும் இரிக்கி. முகாம் போனா எனக்கு யாவாரம் ஒள்ளுப்பமும் இல்ல, அதுவும் தெரியும்.”

வாசலில் ஒரு பொடியன் வந்து நின்று நூறு ரூபா ரீலோட் கேட்டான். லாச்சியைத் திறந்து ஆமிக் கொப்பியை எடுத்தார்.